தாய் பிழைத்தாள், பிள்ளை எந்தக் கணக்கில்?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் டாக்டர்களுக்கும்,

வணக்கம்.

2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் தமிழ்நாடு அரசு சேர்த்தது. பொது சுகாதாரச் சட்டம், 1939-இன் கீழ் வந்த அந்த அறிவிப்பால், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் பாம்புக்கடி என்று வருகிற ஒவ்வொருவரின் விவரமும் அரசுக்குப் போயாக வேண்டும். கிராமத்தில் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்களுக்கு அது உண்மையிலேயே சந்தோஷமான செய்தி. வயலில் நிற்பவனையும் தரையில் படுப்பவளையும் தேடி வருகிற நோய் இது. அது கணக்கில் ஏறுவதற்கே இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அந்த அறிவிப்பை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். கடிபட்டவள் மாசமாக இருந்தால் அங்கே இருப்பது இரண்டு உயிர். நம்முடைய சிகிச்சையும் கணக்கும் பெரும்பாலும் ஓர் உயிரோடு நின்றுவிடுகின்றன. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆனது என்பதைப் பிரசவம் வரைக்கும் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். நான் கேட்பது முக்கியமாக இதுதான்.

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற வட மாவட்டத்து ஊர்களில்தான் என் பணிக்காலம் போனது. அங்கே பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரையும் பேரையும் மருத்துவமனையையும் சொல்லப்போவதில்லை.

அவளுக்கு இரண்டாவது பிரசவம், ஏழாம் மாதம். சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் கணுக்காலில் கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். கொழுந்தன் வண்டியில் உட்காரவைத்துப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். விஷமுறிவு மருந்து அங்கே ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. பணியில் தனியாக இருந்த இளம் டாக்டர் மருந்தைக் கையில் எடுத்துவிட்டு, "கர்ப்பிணிக்குப் போட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்று தயங்கினார். குளுக்கோஸ் ஏற்றி, ஊசி ஒன்று போட்டு, பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசியில் ஏ.எஸ்.வி. என்கிற அந்த விஷமுறிவு மருந்து ஏற ஆரம்பித்தபோது நான்கு மணி நேரம் ஓடிவிட்டது. அதற்குள் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் காலையில், "வயிறு இறுகிக்கிட்டே இருக்கு சிஸ்டர், பிள்ளை அசையலை" என்று வார்டில் சொல்லியிருக்கிறாள். அவள் படுத்திருந்தது பொது மருத்துவ வார்டு. பிரசவப் பிரிவு வேறு கட்டடம். அங்கிருந்து டாக்டர் வந்து பார்த்தபோது பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. பிரசவமானபோது நஞ்சுக்கொடிக்குப் பின்னால் கை நிறைய ரத்தக்கட்டி இருந்ததாக அவளுடைய மாமியார் என்னிடம் சொன்னார்.

மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் "பாம்புக்கடி, குணமடைந்தார்" என்று இருந்தது. என் பதிவேட்டில் "இறந்து பிறந்த ஆண் குழந்தை, காரணம் தெரியவில்லை" என்று பதிவானது. இரண்டு தாளும் ஒரே பெண்ணைப் பற்றியவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை யாருக்கும் இல்லை.

அந்த டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாம்புக்கடிக்கான நம் தேசிய சிகிச்சை நெறிமுறையில், கர்ப்பிணிக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே அளவு விஷமுறிவு மருந்து, அதே முறையில் என்று பல வருஷமாகவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. கர்ப்பம் என்பது அந்த மருந்தைத் தவிர்ப்பதற்கான காரணம் ஆகாது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு, தனியாக, மாசமாக இருக்கிற ஒரு பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு நிற்கிற டாக்டரின் மனசுக்குள் அந்த வாசகம் போய்ச் சேரவில்லை. அங்கே போய்ச் சேர்க்கவேண்டிய பொறுப்பு துறைக்கு இருக்கிறது.

விஷம் பிள்ளையை எப்படித் தொடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பயமும் தயக்கமும் தெரியாத இடத்தில்தான் வருகின்றன.

கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளில் ஐந்தாவது, பத்தாவது என்று எண்ணிட்டவற்றைத் தூண்டிவிடுகிறது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக உறைதல் நடந்து, உறைவதற்கான சரக்கு தீர்ந்துபோகிறது. அப்புறம் எங்கே கசிந்தாலும் நிற்காது. சுருட்டை விரியன் வேறு வழியில் தொடங்கினாலும் வந்து நிற்கிற இடம் அதேதான். கர்ப்பிணியின் உடம்பில் இப்படிக் கசிவதற்கு மற்றவர்களுக்கு இல்லாத ஓர் இடம் உண்டு. கர்ப்பப்பைச் சுவரும் நஞ்சுக்கொடியும் ஒட்டியிருக்கிற பரப்பு அது. அங்கே ரத்தம் கோத்துக்கொண்டால் நஞ்சுக்கொடி தன் பிடியை விட்டுப் பிரிகிறது. பிள்ளைக்கு மூச்சும் சோறும் வருகிற ஒரே வழி அடைபடுகிறது. பல சமயம் இந்த ரத்தம் வெளியே வராது, உள்ளேயே தேங்கிக்கொள்ளும். பாவாடையில் ஒரு சொட்டு இல்லை என்பதால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. வயிறு கல்லாக இறுகுவதும், விடாமல் வலிப்பதும், பிள்ளையின் அசைவு குறைவதும்தான் அங்கே அடையாளம். ஸ்கேனில்கூட இந்தப் பிரிவு தெரியாமல் போவதுண்டு. பிரிந்த நஞ்சுக்கொடி தன் பங்குக்கு ரத்தம் உறைதலை இன்னும் கெடுக்கும்.

இது ஒரு வழி. தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கினால் கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தம் குறைந்து பிள்ளை திணறும். விஷமும், அதனால் வருகிற காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்து கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்து நாளாகாமலே வலி எடுக்கவைக்கலாம். விஷம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையையே நேராகத் தொடவும் கூடும். தாயிடம் விஷக்குறி பெரிதாக இல்லாமலே பிள்ளை பாதிக்கப்பட்ட சில நிகழ்வுகளை வைத்து மருத்துவர்கள் இப்படிக் கருதுகிறார்கள். மல்லாக்கப் படுக்கவைப்பதும் ஒரு காரணம்தான். ஐந்து மாதம் தாண்டிய வயிறு முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, இதயத்துக்குத் திரும்புகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் போதும். காசு பணம் செலவில்லாத இந்தச் சிகிச்சையை வண்டியில் ஏற்றும்போதே தொடங்கிவிடலாம்.

விஷமுறிவு மருந்தைப் பற்றிய பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராகிற மருந்து அது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும், அழுத்தம் திடீரென்று சரியும், பிள்ளைக்கும் அது ஆபத்துதான். ஆனால் அந்த ஒவ்வாமையை அடக்குகிற மருந்து நம் கையிலேயே இருக்கிறது. அட்ரினலின், அரை மில்லிகிராம், தொடைத் தசையில். கர்ப்பிணி என்பதால் அதையும் தள்ளிப்போடக்கூடாது. மருந்து ஏறும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் சமாளிக்கக்கூடிய ஆபத்து இது. மருந்தே போடாமல் விட்ட விஷத்தைச் சமாளிக்க வேறு வழி கிடையாது. இந்திய விஷமுறிவு மருந்து ஒரு மில்லி, கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமைத்தான் முறிக்கும். கடியில் இறங்குவது அதைப்போலப் பல மடங்கு. முதலிலேயே பத்துக் குப்பி வரை தேவைப்படுவது அதனால்தான். பிள்ளையைக் காப்பாற்றுகிற மருந்தும் இதுதான். தாயின் ரத்தத்தில் விஷம் சீக்கிரம் முறிந்தால்தான் பிள்ளைப் பக்கம் போவது குறையும்.

இன்னொரு ஆபத்தையும் டாக்டர்கள் மனதில் வைக்க வேண்டும். பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்றதும் உடனே ஆபரேஷன் என்று கை துடிக்கும். ரத்தம் உறையாத பெண்ணின் வயிற்றைக் கிழித்தால் தாயையும் சேர்த்து இழக்க நேரிடும். முதலில் ஏ.எஸ்.வி., தேவையான ரத்தம், உறைதல் திரும்பியதா என்ற சோதனை. அப்புறம்தான் கத்தி. தசையில் போடுகிற மற்ற ஊசிகளுக்கும் இதே கவனம் வேண்டும். டெட்டனஸ் ஊசியானாலும், குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் பலப்படப் போடுகிற டெக்ஸாமெத்தசோன் ஆனாலும், ரத்தம் உறையாதபோது தசையில் குத்தினால் அந்த இடமே ரத்தக்கட்டியாகிவிடும்.

உறைகிறதா என்று பார்க்கிற சோதனை எவ்வளவு எளிது என்பது உங்களுக்குத் தெரியும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தாலோ சோதனை ஏமாற்றிவிடும். கர்ப்பிணி விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஃபைப்ரினோஜென் என்கிற உறைபொருள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதில் பாதி தீர்ந்துபோன பிறகும் மற்றவர்களுக்கான சாதாரண அளவை ஒட்டியே நிற்கலாம். ரத்தம் உறைந்துவிட்டது, ஆய்வக அறிக்கையிலும் அளவு சரியாக இருக்கிறது என்று அவளைச் சீக்கிரம் விட்டுவிடக்கூடாது. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், கூடவே பிள்ளையின் துடிப்பையும் பதிந்துகொண்டிருக்க வேண்டும். அந்தத் துடிப்பைப் பதிகிற சி.டி.ஜி. கருவி பிரசவ வார்டில் இருக்கிறது, கடிபட்டவள் மருத்துவ வார்டில் இருக்கிறாள் என்கிற நிலைமை இனியும் கூடாது. பாம்புக்கடிக் கர்ப்பிணி எந்தப் பிரிவில் படுத்தாலும், மகப்பேறு டாக்டர் ஒருவர் முதல் மணி நேரத்திலேயே வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். அதற்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம்.

கட்டுவிரியன் கடி வேறு மாதிரி. ராத்திரி தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடப் பல பேருக்குத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்திருப்பார்கள், அப்புறம் கண் இமை தொங்கும், விழுங்க முடியாமல் போகும், மூச்சு நிற்கும். மாசமாக இருக்கிற பெண் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பிரசவ வலி, இல்லையென்றால் வாயு என்றுதான். சீரக வெந்நீர் வைத்துக் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். மருத்துவமனைக்கு வந்தாலும் நேராகப் பிரசவ அறைக்குத்தான் போவாள். வயிற்றுவலியோடு வருகிற கர்ப்பிணியிடம், "எங்கே படுத்திருந்தாய், தரையிலா? கண்ணைத் திறக்க முடிகிறதா?" என்று இரண்டு கேள்வி கேட்கப் பிரசவ வார்டு செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். கட்டுவிரியன் கடியில் மூச்சுக் கருவி இருக்கிற இடத்துக்கு நேரத்தோடு போனால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே பிழைக்கலாம். தாய்க்கு ஆக்சிஜன் குறையாமல் இருக்கிறவரை பிள்ளைக்கும் நம்பிக்கை உண்டு.

முதல் மூன்று மாதத்தில் கடிபட்டவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "விஷம் ஏறிய உடம்பு, பிள்ளை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கரு கலைந்துபோகிற ஆபத்து உண்மையிலேயே உண்டு. கடிக்குப் பிறகு பிறந்த சில குழந்தைகளிடம் குறைபாடு இருந்ததாக மருத்துவ இதழ்களில் தனித்தனி நிகழ்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் பாம்பு விஷத்தால்தான் அந்தக் குறை வந்தது என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. விஷமுறிவு மருந்தால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்பதற்கும் சான்று இல்லை. கடிபட்ட காரணத்துக்காக மட்டும் கருவைக் கலைக்கச் சொல்வது தவறு. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஐந்தாம் மாத வாக்கில் கவனமாக ஒரு ஸ்கேன், பிறகு வளர்ச்சியைப் பார்க்க இன்னும் ஒன்றிரண்டு, கூடவே ஆறுதலாக நான்கு வார்த்தை.

சரி, இந்த ஆபத்து எவ்வளவு பெரியது? உலக அளவில் மருத்துவ இதழ்களில் வெளியான நிகழ்வுகளைத் தொகுத்து 1992இல் வந்த ஒரு கட்டுரை, பாம்புக்கடிபட்ட கர்ப்பிணிகளில் 43 சதவீதம் பேர் பிள்ளையை இழந்ததாகவும், 10 சதவீதம் பேர் தாங்களே இறந்ததாகவும் சொன்னது. 2010இல் வந்த இன்னொரு தொகுப்பில் பிள்ளை இழப்பு ஏறக்குறைய 20 சதவீதம், தாய் இறப்பு நான்கைந்து சதவீதம். இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம் இருக்கிறது. இதழ்களில் எழுதப்படுவது பெரும்பாலும் மோசமாகப் போன நிகழ்வுகள். நல்லபடியாகப் பெற்று வீட்டுக்குப் போனவளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. புல்லறுக்கப் போய்க் கடிபட்டு, பிள்ளையைப் பறிகொடுத்து, ஊருக்குள்ளேயே அழுது முடித்தவளைப் பற்றியும் எழுதுவதில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இருபது ஆண்டில் ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் உயிர். பாதிச் சாவு ஜூனிலிருந்து செப்டம்பருக்குள், நாற்றும் நடவும் களையெடுப்புமாக இருக்கிற மாதங்களில். அந்தப் பன்னிரண்டு லட்சத்தில் கருவிலேயே போன பிள்ளைகள் சேரமாட்டார்கள். பிறந்து இறந்தால்தான் அந்தக் கணக்கில் இடம்.

தமிழ்நாட்டால் இதற்கு விடை சொல்ல முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு கொடுக்கிற பிக்மி எண் இருக்கிறது. அந்த எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் வராது, பிறப்புச் சான்றிதழும் எளிதில் கிடைக்காது. பாம்புக்கடியைத் தெரிவிக்கிற ஏற்பாடு இன்னொரு பக்கம் வந்துவிட்டது. பெண்ணுக்குக் கடி என்று வந்தால் கர்ப்பமா, எத்தனையாவது வாரம், பிக்மி எண் என்ன என்று கட்டாயமாகக் கேட்கவேண்டும். அந்தப் பதிவு டிஸ்சார்ஜோடு முடியக்கூடாது, பிரசவம் ஆகும்வரை திறந்தே இருக்க வேண்டும். கரு கலைந்ததா, குறைமாதமா, இறந்து பிறந்ததா, நல்லபடியாகப் பிறந்து எடை எவ்வளவு என்று எழுதிய பிறகே மூட வேண்டும். தாய் இறப்பையும் இறந்து பிறந்த குழந்தைகளையும் ஆய்வு செய்கிற மாவட்டக் கூட்டங்களில், "இந்தக் கர்ப்பத்தில் பாம்புக்கடி உண்டா?" என்று ஒரு கேள்வி சேரட்டும். இரண்டு மூன்று வருஷத்துக்குள் நம்மிடம் உண்மையான எண்ணிக்கை இருக்கும். எந்தப் பாம்பு, எந்த மாதம், எத்தனை மணி நேரத்தில் மருந்து, பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று வேறெங்கும் கிடைக்காத தகவல் அது. பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைக்க 2030ஐ இலக்காக வைத்து ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. கர்ப்பிணிகளை விட்டுவிட்டு அந்த இலக்கை எட்டினோம் என்று சொல்ல முடியாது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாலும் வேலை முடிந்துவிடாது. நஞ்சுக்கொடி கொஞ்சம் பிரிந்திருந்தாலும் பிள்ளையின் எடை குறையலாம். தாய்க்கு நீண்ட நேரம் அழுத்தம் இறங்கியிருந்தால் பிள்ளையின் மூளைக்கு ரத்தம் குறைந்திருக்கலாம், கருவிலேயே தலைக்குள் கசிவு ஏற்பட்டிருக்கவும் கூடும். தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாம் நேரத்துக்கு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாமதம் தெரிந்தால் அனுப்ப மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. "இந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயைப் பாம்பு கடித்தது" என்று தாய்-சேய் அட்டையில் ஒரு வரி இருந்தால்தான் அங்கன்வாடியிலோ பள்ளி முகாமிலோ பார்க்கிறவருக்குக் கண்ணில் படும்.

தாயையும் இப்படியே தொடர வேண்டும். கண்ணாடி விரியன் கடிபட்ட சிலருக்கு மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போகிறது. 1980களிலேயே பர்மாவில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள், தென்னிந்தியாவிலும் பார்த்திருக்கிறார்கள். பிரசவத்தில் ரத்தம் கொட்டிய பெண்களுக்கு வருகிற பாதிப்பு போன்றது இது. கர்ப்பத்தில் அந்தச் சுரப்பி பெரிதாகியிருப்பதால் ரத்தம் குறைந்தால் தாங்காது. அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, எந்நேரமும் அசதியாக இருக்கும். ஊரில் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுவார்கள். கடிபட்டு ஆறு மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், மாத்திரையால் சரிக்கட்டவும் முடியும். யாரும் கேட்காததால் எத்தனை பேர் இப்படியே காலம் தள்ளுகிறார்களோ என்று நினைக்கும்போது மனசு பொறுக்கவில்லை.

கடிபட்ட இடத்திலிருந்து மருத்துவமனை வரைக்கும் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டுவது, கீறி ரத்தம் எடுப்பது, சிறியாநங்கை இலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது, மந்திரிக்கக் கூட்டிப்போவது எல்லாம் இன்னும் நடக்கின்றன. எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ ஆன பெண்ணுக்கு இன்னொன்றும் சேரும். வளைகாப்பு முடிந்து இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் இருக்கும். கையில் கடித்து வீங்க ஆரம்பித்தால் அந்த வளையல்களே இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், உடைந்தால் சதையிலும் ஏறும். காலில் கடித்தால் மெட்டியும் கொலுசும் அப்படித்தான். சுபகாரியத்தில் போட்ட வளையலைக் கழற்றக்கூடாது என்று மாமியார்கள் தடுப்பார்கள். அரசே நடத்துகிற சமுதாய வளைகாப்பு விழாவில், "ஏதாவது கடித்தால் முதலில் வளையலைக் கழற்று, கடிபட்ட இடத்தை அசைக்காதே, இடது பக்கம் படு, 108ஐக் கூப்பிடு" என்று மேடையில் ஒருவர் சொன்னால் அந்த மாமியார்களும் கேட்டுக்கொள்வார்கள். அத்தனை பேரும் கூடியிருக்கிற இடம் அது.

108 வண்டிக்கும் ஒரு தெளிவு வேண்டும். பாம்புக்கடியோடு வருகிற கர்ப்பிணியை எங்கே கொண்டுபோவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்தால் முதல் தவணையை அங்கேயே தொடங்கிவிட வேண்டும். அப்புறம் அலைக்கழிக்காமல், சீமாங் என்கிற அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவும் ரத்த வங்கியும் மூச்சுக் கருவியும் ஒரே வளாகத்தில் இருக்கிற மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். எந்த வட்டாரத்துக்கு எந்த மருத்துவமனை என்று முன்கூட்டியே எழுதி வண்டியில் ஒட்டிவையுங்கள். கிளம்பும்போதே அங்கே போன் போக வேண்டும்.

இன்னொரு சின்ன வேண்டுகோளும் உண்டு. மாசமாக இருக்கிற பெண் ராத்திரியில் இரண்டு மூன்று முறையாவது சிறுநீர் கழிக்க எழுந்திருப்பாள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே தோட்டத்தில் இருக்கும், சில வீடுகளில் அதுவும் இருக்காது. வயிறு மறைப்பதால் காலடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வெறுங்காலோடு இருட்டில் போய் வருகிறாள். மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறீர்கள். பேரீச்சம்பழமும் சத்துமாவும் இருக்கிற அந்தப் பெட்டகத்தில் ஒரு டார்ச் விளக்கும் ஒரு கொசுவலையும் சேருங்கள். வலையை விரிப்புக்கு அடியில் செருகிப் படுத்தால் கட்டுவிரியன் உள்ளே வர வழியில்லை, கொசுக்கடியும் மிச்சம். நூறு நாள் வேலைத் தளத்திலும் வயலிலும் ஆறு மாதத்துக்கு மேலான பெண்ணைப் புதர் வெட்டவும் வரப்பு சுத்தம் செய்யவும் விடவேண்டாம் என்று ஊராட்சிகளுக்கு எழுதுங்கள்.

விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவருகிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிற விஷத்திலிருந்துதான் இந்தியாவின் பல நிறுவனங்கள் மருந்து தயாரித்துவந்திருக்கின்றன. உயிரைப் பணயம் வைத்து அவர்கள் எடுத்துக் கொடுப்பது, பக்கத்து ஊர்க் கர்ப்பிணிக்குத் தயக்கம் ஒன்றினால் நான்கு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருவதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால், மே மாதத்திலேயே, எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பிணிக்கும் அதே மருந்து, அதே அளவு, உடனே. இடது பக்கம் சாய்த்துப் படுக்கை. முதல் மணி நேரத்தில் மகப்பேறு டாக்டர். பிள்ளையின் துடிப்புப் பதிவு, தாயிடம் அசைவைக் கேட்பது. பிரசவம் வரை திறந்திருக்கும் பதிவு. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஏ.எஸ்.வி. வைத்திருக்கிற ஃப்ரிட்ஜ் கதவிலேயே அதை ஒட்டச் சொல்லுங்கள். இரவுப் பணி டாக்டர் மருந்தை எடுக்கக் கதவைத் திறக்கும்போதே கண்ணில் படட்டும். கிராம சுகாதார செவிலியர்களுக்கு இதுபற்றிப் பயிற்சி வகுப்பு வைத்தால், ஊதியம் ஏதும் வேண்டாமல் வந்து பேச நானும், என்னோடு ஓய்வு பெற்ற சிலரும் தயாராக இருக்கிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்